சிவப்பு ஜோடும் காத்தாயியின் மூட்டையும்

ஒரு காலத்தில், மழை சொன்ன நாளில் சொன்னபடி பெய்துகொண்டிருந்த காலத்தில், வெண்மணல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவோ பரதேசியோ, வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றிப் போட்டதைக் காக்க வாசலிலேயே ஒரு மண்டபம். அந்த மண்டபத்துக்குக் காவல், காத்தாயி.

அவளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்! விருந்துக்கு ஊரே திரண்டு வந்து செருப்பை உதறிவிட்டு ஓடும். பாயசம் குடித்துத் திரும்புவதற்குள் அத்தனையும் ஜோடி ஜோடியாக மர அடுக்கில் ஏறியிருக்கும். தூசி தட்ட நார்த் தூரிகை, தோல் வெடிக்காமலிருக்க ஆமணக்கெண்ணெய், கால்வலிக்காரர்களின் செருப்புக்குள் வைக்க இலவம்பஞ்சு மெத்தை, இறுக்கமான ஜோட்டுக்குள் குதிகாலை வழுக்கி இறக்க ஒரு கொம்புக் கரண்டி, எல்லாம் அவள் இடுப்புப் பையில் தயாராக இருக்கும்.

கடைசி அடுக்கில் மட்டும் யாரும் கேட்டு வராத காலணிகள். அவற்றையும் தினமும் துடைத்து எண்ணெய் போடுவாள். "சொந்தக்காரன் வராத செருப்புக்கு இவ்வளவு சவரட்சணையா?" என்று காவலர்கள் கேலி செய்வார்கள்.

கேலிதானே, செய்துவிட்டுப் போகட்டும். அந்த அடுக்கில் பச்சை நூல் தையல் போட்ட ஒரு பழுப்பு ஜோடு இருந்தது. அது அவள் தம்பி சடையனுடையது. ஒரு விருந்து நாளில் அவன் வெற்றிலையை மென்றுகொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டு, கீழே பார்க்காமல் காலை நுழைத்தான். நுழைந்தது தன் ஜோட்டில் அல்ல, பக்கத்திலிருந்த ஒரு சிவப்பு ஜோட்டில்! "நட நட, நிற்காமல் நட!" என்று அது பாட, சடையன் பறந்துவிட்டான். குதிரைகளுக்கும் அவன் எட்டவில்லை. அதன்பின் பெரிய விருந்து வந்தாலே ஒருவர் காணாமல் போவார். அவருடைய செருப்பு மட்டும் வாசலில் கிடக்கும்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. ஊரே சாப்பிட்டது. காத்தாயி செருப்புக் குவியலைப் பிரிக்கிறாள், பிரிக்கிறாள்... திடீரென்று கை நின்றது. சிவப்பு ஜோடு! யார் காலிலும் வராமல், தானே நடந்து வந்து கூட்டத்தில் கலந்திருந்தது!

அதே நேரம் ராஜா ஏப்பம் விட்டபடி வெளியே வந்தார். கண் மேகத்தில், கால் சிவப்பு ஜோட்டை நோக்கி.

"மகாராஜா! கால்! கால்!" என்று கத்தினாள் காத்தாயி.

"என் கால்தானேம்மா?"

"கால் உங்களோடது. ஜோடு உங்களோடது இல்ல!"

ராஜா காலை இழுத்துக்கொண்டார். காத்தாயி கடைசி அடுக்கில் இருந்ததையெல்லாம் தன் செருப்போடு சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டினாள். சிவப்பு ஜோட்டுக்குள் இரண்டு பஞ்சு மெத்தைகளைச் செருகினாள்.

"இதை நான் போட்டுக்கிட்டுப் போறேன். என் தம்பி போன வழி இதுக்குத்தான் தெரியும்."

"போ, வேண்டாங்கல. மூட்டை எதுக்கு?"

"திரும்பி வரும்போது எல்லாரும் வெறுங்காலோட முள்ளுல நடக்கணுமா, மகாராஜா?"

சொன்னவள் காலை நுழைத்தாள். "நட நட, நிற்காமல் நட!" வயல் தாண்டி, ஆறு தாண்டி, காடு தாண்டிப் பறந்தாள் காத்தாயி!

ஜோட்டுக்கு வாய் அதிகம். "என்னடி இது, உன் பாதம் மெத்துமெத்துன்னு இருக்கு? என் தோல் உன் தோலைத் தொடவே மாட்டேங்குதே!" என்றது.

"எனக்குப் பாதம் கொஞ்சம் தடிமன். நீ எங்க கூட்டிக்கிட்டுப் போற?"

"என் எஜமான் கருங்கண்டனோட குகைக்கு. அவர் மண்டபம் கட்டுறார். அதுக்குத் தூண் வேணும். உங்களைக் கல்லாக்கி நிறுத்திடுவார்."

"கல்லானவங்க திரும்ப வரவே முடியாதா?"

ஜோடு விழுந்து விழுந்து சிரித்தது. "அவங்கவங்க சொந்தச் செருப்பு காலில் ஏறினா உயிர் வரும். கேட்பாரில்லாத செருப்பை எவ பத்திரமா வச்சிருப்பா? எல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்!"

காத்தாயி முதுகில் இருந்த மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குகை வந்தது. உள்ளே வரிசையாகக் கல் தூண்கள். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு முகம், இரண்டு வெறுங்கால். நடுவில் கருங்கண்டன் தாடியை நீவிக்கொண்டு நின்றான்.

"கல்லாகு!" என்று கை தட்டினான். காத்தாயி அப்படியே நின்றாள். "கல்லாகு!" மறுபடி தட்டினான். காத்தாயி கொட்டாவி விட்டாள். "கல்லாகு!" என்று மூன்றாம் முறை கத்தினான். அவளோ குனிந்து, குதிகாலுக்குப் பின்னால் கொம்புக் கரண்டியைச் செருகி நெம்பினாள். ஜோடு கழன்று விழுந்தது. மெத்தை தடுத்ததால் மந்திரம் அவள் தோலை எட்டவே இல்லை.

பழக்கதோஷம் விடுமா? கழற்றிய ஜோட்டைக் குகை வாசலில் அழகாக வைத்தாள். ஆனால் வலதை இடப்பக்கமும், இடதை வலப்பக்கமும் மாற்றி வைத்தாள்.

பிறகு மூட்டையை அவிழ்த்தாள். ஒரு கல் பாதத்தைத் தூரிகையால் துடைத்தாள். பெருவிரல் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. அதே மாதிரி தேய்ந்த செருப்பை எடுத்து மாட்டினாள். தூண் தும்மியது! பூக்காரர் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். அடுத்த தூண், அடுத்த செருப்பு, ஒரு வண்டிக்காரர். அடுத்து ஒரு மேளக்காரர்.

தூண்கள் மனிதர்களாகிக் கீழே இறங்க இறங்க, தாங்க ஆளில்லாமல் கூரை முனகியது. மண் கொட்டியது. எழுந்தவர்கள் கருங்கண்டனை வளைத்தார்கள். அவன் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவசரத்தில் யார்தான் கீழே பார்ப்பார்கள்? அவனும் பார்க்கவில்லை. காலை நுழைத்தான்!

"நட நட, நிற்காமல் நட!" என்றது ஜோடு. ஆனால் கால் மாறிப்போனதால் அது அவனைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. "நான் உன் எஜமான்டா!" என்ற சத்தம் மலைக்கு அப்பால் போய்த் தேய்ந்தது.

உள்ளே ஒரே ஒரு தூண்தான் மிச்சம். சடையன்! மொத்தக் கூரையும் அவன் தலையில் நின்றது.

"விழப்போகுது, விட்டுட்டு வந்துடும்மா!" என்று வெளியே எல்லோரும் கூவினார்கள்.

"அவனை விட்டுட்டு வரமாட்டேன்!"

பச்சைத் தையல் ஜோட்டை எடுத்தாள். இத்தனை நாள் எண்ணெய் குடித்த தோல் வெண்ணெய்போல வளைந்தது. ஒரு கால் ஏறியது. இன்னொன்று ஏறவில்லை. கல் குதிகால் விளிம்பிலேயே நின்றது. தலைக்கு மேல் பாறை பிளந்தது. "வந்துடுடா சடையா, வந்துடு!" கொம்புக் கரண்டியைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். குதிகால் வழுக்கி உள்ளே இறங்கியது!

"என்னக்கா, பந்தி முடிஞ்சிருச்சா? பாயசம் இருக்கா?" என்றான் சடையன்.

பதில் சொல்ல ஏது நேரம்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் வெளியே பாயவும் குகை இடிந்து விழவும் சரியாக இருந்தது. தூசி அடங்கியதும் தம்பியின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க அழுதாள்.

முள் காட்டு வழியே எல்லோரும் நடந்து வந்தார்கள், அவரவர் சொந்தச் செருப்பில்.

"என்ன வேணும், கேள்!" என்றார் ராஜா. "பொன்னா? தேரா? பாதி நாடா?"

"வாசல்ல ஒரு நீளப் பலகை போடுங்க, மகாராஜா. எல்லாரும் உட்கார்ந்து, பார்த்து மாட்டட்டும்."

பலகை அன்றைக்கே வந்தது. தேரும் வந்தது. பலகையில் முதல் ஆளாக ராஜா உட்கார்ந்தார். பக்கத்தில் சடையன், கையில் ஒரு குண்டான் பாயசத்தோடு. காத்தாயி குனிந்து தம்பியின் ஜோட்டுக்குள் ஒரு பஞ்சு மெத்தையைச் செருகினாள்.

கதை கேட்டவர்களே, கருங்கண்டன் இன்னும் பின்பக்கமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறான். எங்கே நிற்பானோ, அந்த ஜோட்டை எந்த வாசலில் கழற்றுவானோ தெரியாது. ஆகவே எழுந்து போகும்போது கொஞ்சம் கீழே பார்த்து மாட்டுங்கள்!