மலையைக் கும்பிட்ட மட்டக்குதிரை

ஆற்றுத் தண்ணீர் இனித்த காலம். ஆட்டுக்குட்டிக்கும் ஊர் கூடிப் பேர் வைத்த காலம். அந்தக் காலத்தில் ஒரு மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடத்துக்கு ஒரு மட்டக்குதிரை. மிளகு என்று பேர். கறுப்பு, குட்டை, கொஞ்சம் காரமும் உண்டு.

மலைமேல் இருக்கும் சாமிக்கு அபிஷேகத் தண்ணீரைத் தினமும் மிளகுதான் சுமந்து ஏற்றும். அதனால் மலையேற வருகிறவர்கள் அதன் வாயில் ஒரு கைப்பிடி வெல்ல அரிசி கொடுத்துவிட்டுத்தான் முதல் படியில் கால் வைப்பார்கள்.

மடத்துச் சமையல் கோமதிநாயகம். அறுபது வயது. கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர், ஞானம் தேடி வந்தார். ஞானம் இன்னும் கிடைக்கவில்லை, அடுப்படி கிடைத்தது. அவரும் தன் பங்குக்கு ஊறவைத்த கடலை கொடுப்பார்.

தை மாதம் ஒரு காலை, மிளகு தண்ணீர் தூக்க வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து, மலையைப் பார்த்து நின்றது.

“அட, மலையைக் கும்பிடுதே!” என்றாள் படியேற வந்த ஒருத்தி.

கும்பிடுகிற குதிரையைச் சும்மா விடுவார்களா? அன்று வெல்லம் இரட்டிப்பு. கோமதிநாயகத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மடத்துக் குரு உலகம்மை வந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். லாடம் கட்டுகிறவர் மகள். குனிந்து குளம்பைத் தொட்டாள்.

“அண்ணாச்சி, இங்கே கை வைங்க.”

வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். “என்ன தாயி, இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கு!”

“கும்பிடலை. முன்னங்காலை ஊன முடியலை.”

“கல்லு குத்தியிருக்குமோ?”

“தின்ன வெல்லமும் அரிசியும்தான் குளம்பிலே குத்துது. இன்னும் கொடுத்தா குளம்புக்குள்ளே எலும்பு இறங்கிரும். அப்புறம் எந்திரிக்காது.”

பத்தடி தூரத்தில் ஓடை. மெல்ல நடத்திக் கொண்டுபோய், நிழலில், ஈர மணலில் நிறுத்தினார்கள். காய்ந்த புல்லை ஓடையில் அலசி, அளந்து போட்டாள். வெல்லம் கிடையாது, அரிசி கிடையாது, கடலை கிடையாது. அபிஷேகக் குடத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“சாமி குதிரையைப் பட்டினி போடுறா பாரு” என்று கூட்டம் முணுமுணுத்தது.

நாலாம் நாள் குளம்பு ஆறியிருந்தது. ஐந்தாம் நாள் மறுபடி கொதித்தது. மிளகு படுத்துவிட்டது.

கோமதிநாயகம் தானே வந்து நின்றார். “நான்தான் தாயி. ஒரே ஒரு அச்சு வெல்லம். என்னைப் பார்த்துக் கனைச்சுது. மனசு கேக்கலை. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்.”

“போங்க.”

“என்னது?”

“தினமும் போங்க. மடியை உதறிட்டுப் போங்க.”

“வெறுங்கையோடயா? பொறந்ததிலேருந்து ஒரு வாசலுக்கும் நான் வெறுங்கையோட போனதில்லையே தாயி!”

“அதான் போகச் சொல்றேன்.”

போனார். மிளகு அவர் கையை மோந்தது, மடியை மோந்தது, தோள் துண்டை இழுத்துப் பார்த்தது. ஒன்றுமில்லை. ஃபுர்ரென்று மூச்சை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“திட்டு, நல்லாத் திட்டு” என்றார் கோமதிநாயகம்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குளம்பில் விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். பேச ஒன்றும் கிடைக்காத நாளில் கல்யாண வீட்டுக் கதைகளைச் சொன்னார். எந்த வீட்டில் சாம்பார் தீய்ந்தது, எந்த மாப்பிள்ளை பந்தியில் கோபித்துக்கொண்டார் என்று.

மூன்று வாரம் போயிற்று. ஒரு காலை அவர் ஓடைக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். கூப்பிடக்கூட இல்லை. மிளகு எழுந்து முன்னங்காலை எடுத்து வைத்தது. ஊன்றிப் பார்த்தது. அடுத்த காலையும் வைத்தது. மணலைக் கடந்து வந்தது. கையை மோக்கவில்லை, மடியை மோக்கவில்லை. அவர் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

குளம்பைத் தொட்டார். ஓடைக்கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த உலகம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

“கையிலே ஒண்ணுமே இல்லையே தாயி. பின்னே எதுக்கு வந்துது?”

உலகம்மை குடத்தைத் தோளில் ஏற்றினாள்.

“கை இருந்துதே அண்ணாச்சி” என்றாள். படியேறிப் போனாள்.