பச்சை வரிகள்

ஐம்பத்திரண்டு வயதில் சடையாண்டி கம்ப்யூட்டர் கற்க வந்தார். நூல் மில்லை மூடியபின் கிடைத்தது வாட்ச்மேன் வேலைதான். முட்டிவலி அதையும் பார்க்கவிடவில்லை. குருவாக வாய்த்த பர்வீனுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் டீச்சரம்மா என்றுதான் அழைப்பார்.

அன்று ஒரு விடுதிப் பள்ளியின் நூற்றறுபது சேர்க்கைக் கடிதங்களை அவரிடம் தந்திருந்தாள். ஒழுங்காக முடித்தால் அந்தப் பள்ளி ஆபீசிலேயே வேலை. கடிதத்துக்குக் கடிதம் பிள்ளையின் பெயரைத் தடித்த எழுத்தாக்க வேண்டும். ஒன்றில் செய்து காட்டி அதை மேக்ரோவாகப் பதிந்துகொண்டால், மிச்சத்தை இயந்திரம் அப்படியே செய்துவிடும்.

பதியும்போது அவர் விரல் தடுமாறி, முதல் பிள்ளையின் இனிஷியலை அழித்துவிட்டது. பதறிப்போய் 'க' என்று திரும்ப அடித்தார். அப்பாடா என்று மேக்ரோவை ஓடவிட்டார். நூற்றறுபது பிள்ளைகளுக்கும் இனிஷியல் 'க'. எல்லோருக்கும் ஒரே அப்பா.

பாவம், மனிதர் கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டார். இந்தக் கை நூலுக்குத்தான் லாயக்கு, நாளையிலிருந்து வரவில்லை என்றார்.

பர்வீன் சிரிக்கவில்லை. கடிதங்களின் பழைய பிரதியைத் திறந்து, அவர் செய்ததெல்லாம் வரிவரியாகப் பதிவாகியிருந்த மேக்ரோவை ஒவ்வொரு வரியாக ஓட்டிக் காட்டி, இது சரியா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சரி, சரி என்று வந்தவர், இனிஷியலை அழித்த வரியில் தலைகுனிந்தார்.

"அடுத்த வரி?"

"அது திருத்துனது டீச்சரம்மா. அது சரிதான்."

"முதல் பிள்ளைக்குச் சரி. மத்த பிள்ளைங்களுக்கு?"

இரண்டு வரியையும் எடுத்துவிடட்டுமா என்றார் சடையாண்டி. வேண்டாம் என்று சொல்லி, அந்த இரண்டு வரிகளுக்கும் முன்னால் ஒரு சின்னக் குறி போட வைத்தாள். வரிகள் பச்சையாயின. இயந்திரம் இனி அவற்றைத் தொடாமல் தாண்டிப் போகும். மறுபடி ஓடவிட்டபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் அப்பா கிடைத்துவிட்டார்.

ஆனாலும் தன் தப்பைக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பச்சை அவர் கண்ணை உறுத்தியது.

"உங்க மேக்ரோவுல இப்படி இருக்குமா டீச்சரம்மா?"

பர்வீன் தன்னுடையதைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு வருடமாக அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு. மேலிருந்து கீழ்வரை ஆங்காங்கே பச்சை. சடையாண்டி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"இதெல்லாம் படிக்கிற காலத்துல போட்டதா?"

"கடைசி ரெண்டும் இன்னைக்குக் காலையில போட்டதுண்ணே."