மரகதம் முகத்து மங்கு

குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து மடம் ஒன்றில் அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள் மரகதம். சமையல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவளும் மடத்துச் சாமியிடம் உபதேசம் வாங்கிய சிஷ்யைதான்.

இரண்டு கன்னத்திலும் அவளுக்குக் கருந்திட்டாக மங்கு விழுந்திருந்தது. வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ஐயோ, முகத்துல என்னம்மா இது?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள். உருளைக்கிழங்கைத் தேய் என்பாள் ஒருத்தி, கசகசாவை அரைத்துப் போடு என்பாள் இன்னொருத்தி. பாவம், எல்லாவற்றையும் பூசிப் பார்த்தாள். கடைசியில் பந்திப் பக்கம் வருவதையே விட்டுவிட்டு அடுப்படியிலேயே கிடந்தாள்.

ஒருநாள் காலையில் சாமி முன்னால் போய் நின்றாள்.

"சாமி, டவுன்ல தோல் டாக்டர் லேசர் வச்சு இதைக் குறைக்கலாம்னு சொல்றார். போகட்டுமா?"

சாமி வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். மடத்திலேயே மூத்த சிஷ்யர். தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"நான் இந்த உடம்பு இல்லேன்னு தினம் சொல்றோம். நீ தோலுக்கு வைத்தியம் கேட்டு நிக்கிறியேம்மா!"

மரகதத்துக்குச் சுருக்கென்றது. அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. அதுதான் இன்னும் வலித்தது.

"அப்படின்னா நான் இங்க இருக்கத் தகுதி இல்லாதவளா சாமி? சொல்லிடுங்க, ஊருக்கே போயிடறேன்."

"டாக்டர் வேற என்ன சொன்னார்?" என்று கேட்டார் சாமி.

"வெயில் ஆகாதாம். அடுப்புச் சூடும் ஆகாதாம். அப்புறம்... குறைஞ்சாலும் திரும்ப வரலாமாம்."

சாமி எழுந்து நேரே அடுப்படிக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உலைப்பானையை ஏற்றினார். மனிதருக்கு அடுப்பு மூட்டவே தெரியாது. அவர் விறகைத் திணித்த திணிப்பில் அடுப்படி முழுக்கப் புகை.

"ஐயோ சாமி, விடுங்க!" மரகதம் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"நீ பஸ்ஸைப் பிடி தாயி. இனிமே அடுப்பு எங்க பொறுப்பு," என்றார் சாமி இருமலுக்கு நடுவே. "ஆவுடையப்பா, அரிசியைக் களை."

மரகதம் போகவும் மனமில்லாமல், நிற்கவும் முடியாமல் வாசற்படியில் தவித்தாள்.

ஆவுடையப்பன் அரிசியைக் களைந்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "திரும்ப வந்துடும்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் எதுக்கு சாமி இந்த வீண் அலைச்சல்?"

சாமி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். புகையில் அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பசியும்தான் தினம் திரும்ப வருது. வீண்னு சொல்லி ஒரு வேளையாவது இவ உனக்குச் சோறு போடாம விட்டாளா?"