காத்தாயியும் சூடாமணியும் வேலையை விட்ட நாள்

காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளக்கரையில் ஒரு பெரிய மருத மரம். அந்த மரத்துப் பொந்துக்குள் பதினைந்தாயிரம் தேனீக்கள் குடியிருந்தன. பதினைந்தாயிரம் பேர் ஒரே பொந்தில் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. தினமும் வந்தது.

சண்டைக்காரிகள் இரண்டு பேர். ஒருத்தி பெயர் காத்தாயி. வாசலில் நின்று இறக்கையை விசிறி, பொந்துக்குள் காற்றை ஓட்டுவது அவள் கூட்டத்தின் வேலை. இன்னொருத்தி பெயர் சூடாமணி. அவள் கூட்டம் அடையின் மேல் நெஞ்சைப் பதித்துப் படுத்துக்கொள்ளும். இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் நடுக்கும். நடுங்க நடுங்க உடம்பில் சூடு பிறக்கும். அந்தச் சூடு அடைக்குள் இறங்கும்.

எதற்கு இவ்வளவு பாடு? எல்லாம் குஞ்சுகளுக்காகத்தான். அடையின் மூடிய அறைகளுக்குள் மூவாயிரம் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. கைக்குழந்தையின் வயிற்றைத் தொட்டால் இதமாக ஒரு சூடு தெரியுமே, அந்த அளவுதான் அவற்றுக்கு வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. வேலைக்காரத் தேனீயின் ஆயுசோ ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். இந்தக் குஞ்சுகள் பிழைக்காவிட்டால் கொஞ்ச நாளில் பொந்தே காலியாகிவிடும்.

காலையில் குளிர் விலகி வெயில் ஏறும் நேரம் இருக்கிறதே, அதுதான் சண்டை நேரம். சூடாமணி இன்னும் வேலையை முடித்திருக்க மாட்டாள். காத்தாயி வேலையைத் தொடங்கியிருப்பாள்.

"ஏண்டி காத்தாயி! விடியக் காலையிலேருந்து உடம்பை உருக்கி நான் சூடேத்துறேன். நீ நோகாம நின்னு ஊதி விடுறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அடி போடி! நீ ஏத்துற சூட்டை இறக்கவே எனக்கு நாள் பத்தலே. உன்னால என் இறக்கை கிழிஞ்சு தொங்குது!"

"யாரு உன்னை வீசச் சொன்னா?"

"யாரு உன்னை நடுங்கச் சொன்னா?"

இரண்டு பேருமே நல்ல உழைப்பாளிகள். ஆனால் ஒருத்திக்கு இன்னொருத்திதான் எதிரி என்று இருவருமே நம்பினார்கள்.

இந்தக் கூச்சலில் ஒருவனுக்குத் தினமும் தூக்கம் கெட்டது. அவன் ஓர் ஆண் தேனீ. எல்லாரும் அவனை மைனர் என்று கூப்பிடுவார்கள். பெரிய கண், பெரிய உடம்பு, கொட்டுவதற்குக் கொடுக்கு கிடையாது. வேலை? அதுவும் கிடையாது. அக்காமார் கொண்டு வரும் தேனைக் குடிப்பான், வெயில் வந்ததும் வெளியே உலாத்தப் போவான், பசித்தால் திரும்பி வருவான். ஆனால் யோசனை சொல்வதில் மன்னன்!

ஒரு சித்திரை மாதக் காலையில் மைனர் நேரே ராணியிடம் போனான்.

"அம்மா, ஒண்ணு கேட்கிறேன். நான் பொறந்து இருபது நாளாச்சு. ஒரு நாளாவது இங்கே புழுங்கியிருக்கா?"

"இல்லையே."

"ஒரு நாளாவது குளிர் எடுத்திருக்கா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கும்மா இந்த ரெண்டு கூட்டம்? ஒருத்தி போடுறா, இன்னொருத்தி எடுக்கிறா. ரெண்டு பேரும் சும்மா இருந்தாலும் நிலைமை இதேதானே! பேசாம ரெண்டு கூட்டத்தையும் பூவுக்கு அனுப்புங்க. புங்கமரம் பூத்துக் கொட்டுது!"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? நாமும் அப்படித்தான். வெயிலில் ஓடினால் நமக்கு வேர்க்கிறது. மழையில் நனைந்தால் நடுங்குகிறது. தண்ணீர் குறைந்தால் தாகம் எடுக்கிறது. "வேர்வையே, வா! தாகமே, வா!" என்று யாராவது கூப்பிட்டோமா? கூப்பிடாமலே எல்லாம் நடக்கிறது. அதனால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். மைனரும் அதைத்தான் நினைத்தான். ராணியும் அதைத்தான் நினைத்தாள். நாள் முழுக்க முட்டையிடுகிற அவளுக்குப் பஞ்சாயத்துப் பேசி அலுத்துவிட்டது.

"சரி, ரெண்டு பேரும் நிறுத்துங்க! எல்லாரும் பூவுக்குப் போங்க!" என்று உத்தரவு போட்டாள்.

காத்தாயியும் சூடாமணியும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. 'அவள் சூடேற்றவில்லை என்றால் நான் எதற்கு வீச வேண்டும்?' என்று காத்தாயி நினைத்தாள். 'அவள் வீசவில்லை என்றால் நான் எதற்கு நடுங்க வேண்டும்?' என்று சூடாமணி நினைத்தாள். எதிரியை ஓய்த்துவிட்ட சந்தோஷத்தில் இருவரும் ஆளுக்கொரு திசையில் பறந்தார்கள்.

வெயில் ஏறியது. சித்திரை வெயில் யார் உத்தரவுக்குக் கட்டுப்படும்? மரம் காய்ந்தது. பொந்து அடுப்பானது. அடையின் மெழுகு இளகித் தொங்கியது. தேன் சொட்டியது. மூடிய அறைகளுக்குள் குஞ்சுகள் தவித்தன.

"ஐயோ, என் பிள்ளைங்க! மைனர், எங்கேடா இருக்கே? கொஞ்சம் வீசுடா!" என்று ராணி கத்தினாள்.

"உள்ளே ரொம்பப் புழுக்கமா இருக்கும்மா! நான் வெளியே போய்க் காத்து வாங்கிட்டு வரேன்!" என்று மைனர் பறந்துவிட்டான்.

நல்ல வேளை, காத்தாயி முதல் சுமைத் தேனோடு திரும்பி வந்தாள். பொந்தின் அனல் முகத்தில் அடித்தது. தேனை அப்படியே போட்டுவிட்டு வாசலில் நின்றாள். "வாங்கடி! வீசுங்கடி!" என்று தன் கூட்டத்தைக் கூப்பிட்டாள். சூடாமணியும் வந்து பார்த்தாள். அவளுக்கு வீசத் தெரியாது. ஆனாலும் சும்மா நிற்கவில்லை. குளத்துக்குப் பறந்து, தண்ணீரை உறிஞ்சி வந்து, அறைகளின் மேல் துளித் துளியாகத் தடவினாள். போனாள், வந்தாள், போனாள், வந்தாள். ஈரத்தின் மேல் காற்றுப் பட்டதும் பொந்து மெல்லக் குளிர்ந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் தேவலை. சாயங்காலம் வானம் திடீரென்று கறுத்தது. இடி இடித்தது. ஆலங்கட்டி மழை சடசடவென்று கொட்டியது. குளிர்காற்று பொந்துக்குள் பாய்ந்தது.

காத்தாயிக்கு மத்தியானம் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. வெறி பிடித்தவள் மாதிரி வீசிக்கொண்டே இருந்தாள்.

"காத்தாயி! போதும், நிறுத்துடி!" என்று சூடாமணி அலறினாள்.

"நிறுத்தினா புள்ளைங்க வெந்து போகுமே!"

"இப்போ விறைச்சுப் போகுதுடி! தொட்டுப் பாரு!"

காத்தாயி ஓர் அறையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அவள் இறக்கை அப்படியே நின்றுவிட்டது. சூடாமணி சொல்லி அவள் ஒரு வேலையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

சூடாமணி அடையின் மேல் விழுந்து நடுங்க ஆரம்பித்தாள். ஆனால் அவள் கூட்டத்தில் பாதிப் பேர் புங்கமரத்தில் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடையின் நடுப்பகுதியை மூடத்தான் ஆள் இருந்தது. ஓரம் திறந்து கிடந்தது.

"நானும் படுக்கிறேன். எப்படின்னு சொல்லிக்கொடு!" என்றாள் காத்தாயி.

"நெஞ்சை அழுத்தி வை. பறக்கப்போற மாதிரி உள்ளுக்குள்ளே உதறு. இறக்கையை மட்டும் அசைக்காதே!"

காத்தாயியின் கூட்டமும் படுத்தது. அப்போதும் கடைசி ஓரத்துக்கு ஆள் போதவில்லை. ராணி தவித்துப்போய் வாசலைப் பார்த்தாள். மைனர் உள்ளே வந்து விழுந்தான். ஆலங்கட்டி மழையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். தலை முதல் கால் வரை வெடவெடவென்று நடுங்கினான்.

"அம்மா, குளிருது! யாராவது கணப்பு போடுங்களேன்!"

"யாருடா போடுறது? நீ இப்போ எதுக்கு நடுங்குறே?" என்று கேட்டாள் ராணி.

"நான் எங்கேம்மா நடுங்குறேன்? உடம்பு தானா நடுங்குது! நடுங்கலேன்னா விறைச்சுச் செத்துடுவேன்!"

தான் என்ன சொன்னோம் என்று மைனருக்கே அப்போதுதான் உறைத்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. சூடாமணி நகர்ந்து, அந்தக் கடைசி ஓரத்தைக் காட்டினாள். மைனர் போய் அதன் மேல் படுத்தான். நடுங்கினான். மழை விடும்வரை எழுந்திருக்கவில்லை.

மழை விட்டபோது அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அறைகளைத் திறந்து பார்த்தார்கள். நடுவில் இருந்த குஞ்சுகள் பிழைத்திருந்தன. மைனர் படுத்திருந்த ஓரத்தில் மட்டும் நாற்பது குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. அவன் வருவதற்கு முன்பே போய்விட்ட உயிர்கள் அவை. தெரியாமல் அவற்றுக்குத்தான் அவன் அவ்வளவு நேரமும் சூடு கொடுத்துக்கொண்டிருந்தான்.

சூடாமணி வாய்விட்டு அழுதாள். காத்தாயி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மைனர் தலையைத் தூக்கவே இல்லை.

"உன் மேல தப்பில்லைடா. புழுங்கலே, குளிரலேன்னு நீ சொன்னது நிஜம்தான். ஏன் புழுங்கலே, ஏன் குளிரலேன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பெத்தவ நான், கேட்கலையே!" என்றாள் ராணி.

மைனர் எழுந்தான். ஒரு குஞ்சை மெல்லத் தூக்கி, வாசலுக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டான். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினான். அக்காமார் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். நாற்பதையும் அவனே சுமந்தான்.

வீடானாலும் நம் உடம்பானாலும், எப்போதும் ஒரே சீராக இருக்கிறதென்றால், அதைச் சீராக வைக்க உள்ளே ஓயாத உழைப்பு நடக்கிறது. அதை வீண் என்று நினைப்பவன், அது நின்ற பிறகுதான் அதன் அருமையை அறிவான்.