பன்னிரண்டு சுத்தமான கால்கள்

முத்துமணல் என்று ஒரு கடற்கரைச் சமஸ்தானம். பெயரில்தான் முத்து, விளைந்ததெல்லாம் உப்பு. அதை ஆண்டவர் பிலவேந்திர ராயர். பக்தி என்றால் அப்படியொரு பக்தி! சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலை, தினமும் காலையில் கண்ணாடி பார்த்துப் புதுப்பித்துக்கொள்வார். கழுத்து ஜெபமாலை முழங்காலைத் தட்டும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் கறியைத் தொடமாட்டார். இறாலும் நண்டும் கறியில் சேராது என்று அவரே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தார்.

பெரிய வியாழனன்று ஏசுநாதர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, கோயிலில் பன்னிரண்டு ஏழைகளுக்கு ராயர் கால் கழுவுவது வழக்கம். போன வருசம் அதில் ஒரு சங்கடம். வெளியூர் பிஷப்பான மேற்றிராணியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு உப்பளக்காரனின் காலைக் கழுவியதும் வெள்ளித் தாம்பாளத்துத் தண்ணீர் சேறாகிப் போயிற்று. ராயருக்கு மானம் போயிற்று.

இந்த வருசம் காரியஸ்தர் மதலைமுத்து ஒரு யோசனை சொன்னார். "ஊர்ல நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணுதான் இருக்கு. தவக்காலம் நாப்பது நாளும் அதைப் பூட்டி வைப்போம் மகாராசா. சடங்குக்குத் தண்ணி புனிதமா இருக்கும்."

பூட்டியாயிற்று. சாவி ராயரின் ஜெபமாலையிலேயே தொங்கியது.

நாலாம் வாரம் உப்பளக்காரி சலேத்தம்மாள் அரண்மனை வாசலில் சந்தியாகுவைப் பிடித்துக்கொண்டாள். சந்தியாகு ராயரின் சபையில் யோசனை சொல்கிறவர். நாக்கு கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு காலை வந்து பாருங்க. உப்புப் பாத்தியில நின்னு நின்னு வெடிச்சிருக்கு. சாயங்காலம் நல்ல தண்ணியில கழுவுனாத்தான் ஆறும். இப்ப குடிக்கவே ரெண்டு கல்லு தூரம் குடம் சுமக்கோம். காலுக்கு எங்க போவேன்? சீழ் வச்சிட்டுது ஐயா. இப்படியே போனா காலை எடுக்கணும்னு வைத்தியர் சொல்லுதாரு."

சந்தியாகு போய்ப் பார்த்தார். அவள் புருசன் மிக்கேலின் பாதம் அவள் சொன்னதைவிட மோசமாக இருந்தது. நேரே சபைக்கு நடந்தார்.

அவர் வாயைத் திறக்குமுன் ராயர் முந்திக்கொண்டார். "வாரும் ஓய்! நல்ல சமயத்துல வந்தீர். பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு ஏழைகளைக் கொண்டாரும். கால்ல ஒரு பொட்டு அழுக்கு இருக்கப்படாது. கழுவுன பிறகும் தண்ணி தெளிவா இருக்கணும். கிணத்தை மட்டும் அதுவரை திறக்க முடியாது."

"சந்தியாகுதான் கெட்டிக்காரராச்சே!" என்றார் மதலைமுத்து, வாய் கொள்ளாச் சிரிப்போடு. "முடியலேன்னா ஊரை விட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்றார் ராயர்.

சந்தியாகு மீசையைத் தடவினார். "உத்தரவு மகாராசா. ஒரு எழுத்துப் பிசகாம நடக்கும்."

பெரிய வியாழன் வந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். பீடத்துக்கு முன்னே பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொன்றிலும் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி மூடி ஒரு ஆள். அசையவில்லை, இருமவில்லை. "அடடா, என்ன ஒழுக்கம்!" என்று ராயர் பூரித்துப் போனார்.

மண்டியிட்டார். முதல் ஆளின் துணியைத் தூக்கினார். பளபளவென்று சாயம் பூசிய கால். தொட்டால் மரம்!

ஏசுநாதரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்காகக் கோயில் அறையில் வைத்திருக்கும் ஆளுயரப் பொம்மைகள். பன்னிரண்டு அப்போஸ்தலரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன ஓய் இது?"

"ஏழைங்கதான் மகாராசா. இவங்களைவிட ஏழை யாரு? உடுத்துன துணிகூடக் கோயில் துணி. கால்ல பொட்டு அழுக்கு கிடையாது. தாராளமாக் கழுவுங்க, தண்ணி கலங்கவே கலங்காது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராயரின் முகம் சிவந்தது. "பொம்மை காலைக் கழுவவா ஆண்டவர் கட்டளை கொடுத்தாரு?"

"இல்லை மகாராசா. அவரு அழுக்குக் காலைக் கழுவச் சொன்னாரு. நீங்க சுத்தமான கால் கேட்டீங்க. ரெண்டுல எதைச் செய்யன்னு முழிச்சேன். கடைசியில சம்பளம் குடுக்கிறவர் சொன்னதைச் செஞ்சுட்டேன்."

மதலைமுத்து ஊரை விட்டுப் போகும் பாதையை மனசுக்குள் சந்தியாகுவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ராயர் பொம்மைக் காலையே பார்த்தார். பிறகு மெல்ல, "நிஜ ஆளுங்க இருக்காங்களா?" என்றார்.

இருந்தார்கள். வாசலில் பன்னிரண்டு உப்பளக்காரர்கள். முதல் ஆளாக, சலேத்தம்மாளின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தான் மிக்கேல். உட்கார்ந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "வேண்டாம் மகாராசா. நாறும்."

ராயர் விடவில்லை. தண்ணீர் ஊற்றினார். தாம்பாளம் சேறும் சீழுமாகக் கலங்கியது.

"ஏம்ப்பா இவ்வளவு புண்ணு? நல்ல தண்ணியில தினம் கழுவக் கூடாதா?"

"கிணறு பூட்டியிருக்கு மகாராசா."

"எதுக்குப் பூட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

சலேத்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "எங்க காலைக் கழுவத்தான் மகாராசா!"

ராயர் தலை குனிந்தார். ஜெபமாலையிலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார். நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து ஓடியது, அவர் துடைக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் கழுவி முடித்து எழுந்தபோது பட்டு வேட்டி முழுக்கச் சேறு.

"ஓய் சந்தியாகு, என்ன பரிசு வேணும், கேளும்."

"அந்தக் கிணத்துப் பூட்டைக் குடுங்க மகாராசா, போதும்."

"பூட்டா? எதுக்கு ஓய்?"

"பொம்மை அறைக்குப் போடணும். அடுத்த தவக்காலத்துல உங்களுக்கு மறுபடியும் சுத்தமான கால் மேல ஆசை வந்துட்டா, அது கைக்கு எட்டுற தூரத்துல இருக்கக் கூடாது பாருங்க!"

கோயில் என்றும் பாராமல் ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். பூட்டோடு ஒரு பொன் காப்பும் சந்தியாகுவுக்குக் கிடைத்தது. பன்னிரண்டு பொம்மைகளையும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும் பொறுப்பு மதலைமுத்துவுக்குக் கிடைத்தது.