படத்தில் பெரியவர்

மலையடியில் ஒரு காட்டில், கோடையிலும் ஊறுகிற சுனை ஒன்றே ஒன்று இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. உருவத்தில் பெரியவருக்கு முதல் வாய். யானை குடித்த பிறகு காட்டெருமை, அப்புறம் மான், கடைசியில் முயல். யாரும் வயிற்றுக்கு மேல் குடிப்பதில்லை. அதனால் முயலுக்கும் மிச்சம் இருக்கும்.

ஏகாம்பரம் என்று ஓர் ஓவியர் அங்கே வந்து குடிசை போட்டார். சுனைக்கரையில் உட்கார்ந்து காட்டைப் படமாக வரைந்தார். வழக்கம் அவர் காதிலும் விழுந்தது. படத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஆளுயரத்துக்கு இருப்பது நான். அதோ மலைமேல் கட்டைவிரல் அளவுக்கு நிற்பது யானை. இனிமேல் முதல் வாய் எனக்கு."

யானை படத்தை உற்றுப் பார்த்தது. "நான் இவ்வளவுதானா? இத்தனை நாளாக எனக்கே தெரியாமல் போயிற்றே" என்று ஒதுங்கி நின்றது.

ஓவியரின் வாயோ சின்ன வாய் இல்லை. குடம் குடமாக மொண்டு தன் தொட்டியை நிரப்பினார். மூன்று நாளாக முயலுக்குக் கிடைத்தது சேறுதான். வளையில் குட்டிகள் கத்தின. தாய்க்குப் பால் வற்றிவிட்டது.

நாலாம் நாள் விடிந்ததும், சுனை ஊறுவதற்குள் முயல் ஓவியரிடம் போனது.

"ஐயா, படத்தில் பொய் கிய் கலந்திருக்குமோ?"

"என்ன பேச்சு இது? கண்ணில் பட்டதைப் பட்டபடி போடுகிறவன் நான். ஒரு கோடு கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்."

"அப்படியானால் மலைமேல் இருந்து ஒன்று போடுங்களேன். உங்கள் குடையைக் கரையில் ஊன்றிவிட்டு வாருங்கள். அதன் கீழே உங்களை வரைந்துகொள்ளலாம்."

ஓவியர் ஏறினார். முயல் அவர் மூக்குக்கு நேரே ஒரு பாறையில் குந்திக்கொண்டது. அவரும் பட்டதைப் பட்டபடி வரைந்தார். முயலின் காது இரண்டும் வானத்தை முட்டின. கீழே, கரையில் குடை ஒரு காளான். அதற்கடியில் ஆளை வரைய இடம் ஏது? ஒரு புள்ளி வைத்தார்.

முயல் படத்தைக் கவ்விக்கொண்டு சுனைக்கு இறங்கியது. ஓவியரும் பின்னாலேயே வந்தார்.

"பார்த்தால் தெரியவில்லையே, தங்கச்சி. நீயா எங்கள் எல்லோருக்கும் பெரியவள்?" என்றது யானை.

"இன்றைக்கு நான். நாளைக்கு மலைமேல் ஐயாவுக்கு முன்னால் இருக்கிற பாறையில் நீங்கள் உட்காருங்கள், அண்ணா. ஐயா வரிசையில் எங்கே நிற்பார் என்று அவரையே கேளுங்கள்."

ஓவியர் தன் புள்ளியைப் பார்த்தார். தான் வரைந்ததைப் பொய் என்று எப்படிச் சொல்வது? குடத்தை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார்.

முயல் முதலில் குடித்தது; யானையும் எருமையும் மானும் குடித்தன. அவர் முறை வந்தபோதும் சுனையில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது.

நீதி: தான் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தானே பெரியவன்; காட்டுக்கோ, அவனும் தண்ணீர் குடிக்க வந்த ஓர் உயிர்.