ஏடு மாற்றிப் படித்த மூன்று ஆசான்கள்

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். எனக்கு இருப்பது ஒரே தொண்டை.

காகிதம் என்ற பேச்சே இல்லாத காலம். எல்லாம் பனையோலையும் எழுத்தாணியும்தான். அந்தக் காலத்திலே இளவேட்டன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். என்ன, கொஞ்சம் அவசரக்காரன்.

அவன் நாட்டில் பெரிய பாடசாலை ஒன்று இருந்தது. அதில் மூன்று ஆசான்கள். ஒருவர் வைத்தியம் சொல்லித் தந்தார். ஒருவர் ஏரி, மதகு காக்கும் வேலையைச் சொல்லித் தந்தார். ஒருவர் வழக்குத் தீர்க்கச் சொல்லித் தந்தார்.

பிள்ளைகள் நேரே இவர்களிடம் போக முடியாது. முதலில் நல்லமங்கை என்ற ஆசிரியையிடம் ஐந்து வருஷம் எழுத்துப் படிக்கவேண்டும். செக்காட்டுகிறவர் பிள்ளை, ஆடு மேய்க்கிறவர் பிள்ளை, யார் வந்தாலும் அவர் சேர்த்துக்கொள்வார். வேறு யாரும் சேர்க்கமாட்டார்கள். அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு ஏடு வாசிப்பது தண்ணீர் பட்ட பாடு.

அப்படியிருந்தும் ஒரு வருஷம் மூன்று தப்பு நடந்துபோனது. வைத்திய மாணவன் ஏட்டைப் பார்த்துக் கஷாயம் வைத்தான். குடித்த யானை மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஏரி மாணவன் ஏட்டைப் பார்த்து மதகைத் திறந்தான்; நாற்பது வயல் நாற்று முழுகியது. வழக்கு மாணவன் ஏட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். பசுவைப் பறிகொடுத்தவனையே சிறையில் போட்டார்கள்.

“பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தருவது அந்த அம்மாள் வேலை. வைத்தியம் சொல்லித் தருவதுதான் என் வேலை” என்றார் வைத்திய ஆசான். ஏரி ஆசானும் அதையே சொன்னார். வழக்கு ஆசானும் அதையே சொன்னார். மூவரும் சேர்ந்து ஒரு புகார் ஓலை எழுதி ராஜாவிடம் கொடுத்தார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ராஜா படித்தான். படித்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டான். வரும் அமாவாசைக்குள் எழுத்துப் பள்ளியை மூடிவிட்டு நல்லமங்கை நாட்டை விட்டுப் போகவேண்டும்.

நல்லமங்கைக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகம் வந்தது. தான் போனால் போகட்டும், பள்ளியில் இருக்கும் முப்பத்தாறு பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? நேரே சபைக்குப் போனார்.

“மகாராஜா, போகச் சொன்னால் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இந்த மூன்று ஆசான்களும் தங்கள் ஏடுகளை மாற்றிக்கொண்டு படிக்கட்டும். படித்தபடி செய்து காட்டட்டும். மூவருக்கும் எழுத்து நன்றாகத் தெரியும், இல்லையா?”

“இதென்ன பிரமாதம்” என்று மூவரும் சிரித்தார்கள். ராஜாவும் சரி என்றான்.

வைத்திய ஏடு ஏரி ஆசான் கைக்கு வந்தது. அவர் கரை கட்டுகிற மனிதர் அல்லவா? ஒரு வரிசை மண் போட்டு, இடித்து, அதன்மேல் அடுத்த வரிசை. அப்படியே படித்தார். முதல் வரியில் சுக்கு என்றிருந்தது, எடுத்து இடித்தார். அடுத்த வரியில் கடுக்காய், எடுத்து இடித்தார். அடுத்த வரியில் தண்ணீர், ஊற்றிக் கொதிக்கவைத்தார். வேர்த்து விறுவிறுத்துக் கடைசி வரிக்கு வந்தார். ‘சுக்கின் தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்கிய பின்பே மேலே சொன்னதைச் செய்க’ என்றிருந்தது. அவர் பானையைப் பார்த்தார். தோலும் கொட்டையும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன.

வைத்திய ஆசானுக்குப் பொறுக்கவில்லை. “சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு! வைத்திய ஏட்டைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டல்லவா உரலைத் தொடவேண்டும்?”

“இதை உங்கள் மாணவர்களுக்குச் சொன்னீர்களா ஐயா?” என்று கேட்டார் நல்லமங்கை.

“இதையெல்லாமா சொல்லவேண்டும்?” என்றார் வைத்தியர். சொன்னவருக்கு யானையின் நினைப்பு வந்திருக்கவேண்டும், தானே போய்ப் பானையை இறக்கி வைத்தார்.

ஏரி ஏடு வழக்கு ஆசானுக்கு வந்தது. களிமண்ணில் சின்ன மதகு செய்து வைத்திருந்தார்கள். அவர் வரிகளை மணிமணியாக வாசித்தார். ஓரத்தில் கீறியிருந்த படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டார். நம்பிக்கையோடு ஒரு துவாரத்தைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து ராஜாவின் காலை நனைத்தது.

“வரி பாதி, படம் பாதி ஐயா! ஒரு விரல் வரியில், ஒரு விரல் படத்தில் வைத்துப் படிக்கவேண்டும்” என்றார் ஏரி ஆசான். நல்லமங்கை திரும்பிப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே, “நான் சொல்லித் தரவில்லை” என்று ஏரி ஆசான் தலை குனிந்தார்.

வழக்கு ஏடு வைத்தியருக்கு வந்தது. ஒரு கிணற்றுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்ட வழக்கு. ‘கிணறு என்னுடையது’ என்றான் ஒருவன். ‘இல்லை, என்னுடையது’ என்றான் மற்றவன். முதல் ஆளுக்கு இரண்டு பேர் சாட்சி. வைத்திய ஏட்டில் எழுதியதெல்லாம் நம்பவேண்டியது, அந்தப் பழக்கத்தில், “மூன்று பேர் சொல்கிறார்கள். கிணறு முதல் ஆளுக்கே” என்று தீர்த்துவிட்டார். சாட்சிகள் இருவரும் அந்த ஆளின் மைத்துனர்கள் என்று ஏட்டிலேயே எழுதியிருந்தது.

வழக்கு ஆசான் சொன்னார்: “மூன்று பேர் சொன்னால் ஆயிற்றா? சொன்னவன் யார், சொன்னால் அவனுக்கு என்ன லாபம் என்று வரிக்கு வரி கேட்டல்லவா படிக்கவேண்டும்? நானும் என் மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டேன்.”

ராஜாவின் மடியில் புகார் ஓலை இருந்தது. அதை எடுத்து மறுபடி படித்தான். இந்தத் தடவை மெதுவாகப் படித்தான்.

“இதிலும் மூன்று பேர்தான் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் யார் என்று நான் கேட்கவே இல்லை. எனக்கும் படிக்கத் தெரியவில்லை, அம்மா” என்றான். தன் கையாலேயே ஓலையைக் கிழித்துப் போட்டான். எழுத்துப் பள்ளியை மூடவேண்டாம் என்றான். சிறையில் இருந்த பசுக்காரனையும் விடச் சொன்னான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: படிக்கச் சொல்லித் தருவது எழுத்தாசிரியர் ஒருவரின் வேலை அல்ல, எந்தப் பாடத்தைக் கற்பிக்கிறவரும் அந்தப் பாடத்தைப் படிக்கும் விதத்தையும் சேர்த்தே கற்பிக்கவேண்டும்.